பொட்டி காத்திருந்தால் டாலர், ஆள் காத்திருந்தால்?

கொருக்குப்பேட்டையில் பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்க தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். உலகமயமாக்கல் வந்துதான் வட சென்னையில் வேலையெல்லாம் போச்சு என்கிறார். காலேஜில் சார், அது வந்ததால்தான் வேலையே பெருகியது என்கிறார். யார் சொல்வது சரி? இங்கேயே இருந்து பிழைக்க நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?”

தாத்தா பக்கமும் ஆதாரம் காட்டலாம், சார் பக்கமும் காட்டலாம். நான் 1997இல் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் (சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஆபீஸ்) எடுபிடியாகச் சேர்ந்தவன். இன்றுவரை அதே தொழில்தான். கஸ்டம்ஸ் ஹவுஸ், ஹார்பர், சிஎஃப்எஸ் (ஹார்பருக்கு வெளியே கண்டெய்னர்களை வைத்து எடுக்கும் கிடங்கு), லாரி ஷெட் என்று சுற்றியே வயது போய்விட்டது. இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேலை போனதா வந்ததா என்று தலையை எண்ணுவதை விட்டுவிட்டு, வேலைக்கு நடுவே வரும் காத்திருப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய மாற்றம் நடந்தது அங்கேதான்.

கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. எங்கள் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவரின் ஏற்றுமதிப் பொட்டி அதில் மாட்டிக்கொண்டது. (கண்டெய்னரை நாங்கள் பொட்டி என்றுதான் சொல்வோம்.) ராத்திரிக்குள் ஹார்பரின் ஜீரோ கேட்டைத் தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும். பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். டிரைவர் விழுப்புரம் பக்கத்து ஆள். வண்டிக்கு அடியில் இருக்கும் டூல் பாக்ஸைத் திறந்து, அதற்குள்ளேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கடல் காற்றில் தீ அணையாமலிருக்க ஒரு அட்டையைத் தடுப்பாக வைத்திருந்தார்.

“எப்பண்ணே வந்து நின்னீங்க?”

“காலையில ஏழு மணிக்கு சார். இப்ப நாலாவுதா? ரெண்டு கிலோமீட்டர் வந்திருக்கேன்.”

“நின்ன நேரத்துக்கு ஹால்டிங் எதாவது போட்டுத் தருவாங்களா?”

சிரித்தார். “ட்ரிப்புக்குத்தான் சார் காசு. எத்தினி மணிக்கு முடிஞ்சாலும் அது ஒரு ட்ரிப்புதான்.”

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற 20 அடி இரும்புப் பொட்டியின் கதை வேறு. இறக்குமதியில் அதே மாதிரி ஒரு பொட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் இலவசம் என்று கப்பல் கம்பெனி ஒரு கணக்குக் கொடுக்கும். அது தாண்டினால் நாளுக்கு இவ்வளவு டாலர் டிடென்ஷன், அதாவது தாமதக் கட்டணம். நாள் ஆக ஆக விகிதமும் ஏறும். ஹார்பருக்குள் கிடந்தால் அதற்குத் தனி வாடகை, சிஎஃப்எஸ்ஸில் கிடந்தால் அங்கே ஒரு வாடகை. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, புயல் எதுவும் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சரக்கை எடுக்கக் கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டரை வாங்க ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோனேன். நடுவில் விடுமுறை வந்தது. பொட்டி ஒரு வாரம் சும்மா கிடந்தது. அந்த பில்லில் என் பங்காக மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். இரும்புக்கு இவ்வளவு மரியாதையா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொட்டி நின்றால் கோபன்ஹேகனில் இருக்கும் மார்ஸ்க்குக்கோ, ஜெனீவாவில் இருக்கும் எம்எஸ்சிக்கோ காசு போய்ச் சேரும். டிரைவர் நின்றால் எங்கிருந்தும் எதுவும் வராது. சரி, அவர் கேட்பதென்றால்தான் யாரிடம் கேட்பார்? பொட்டி கப்பல் கம்பெனியுடையது. சரக்கு எங்கள் பார்ட்டியுடையது. உள்ளே முனையத்தை நடத்துவது ஒரு பக்கம் துபாய்க்காரர்களின் டிபி வேர்ல்டு, இன்னொரு பக்கம் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ. வண்டி ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் பெயரில், அதன் மேல் ஃபைனான்ஸ். ரோடு அரசாங்கத்துடையது. அத்தனை பேரும் கைகாட்டுவார்கள், அடுத்தவரை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். டாக் லேபர் போர்டு ஆள். கையில் கொக்கியோடு கப்பல் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை தூக்கியவர். காலையில் கிளம்பிப் போவார். சில நாள் ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி வந்து திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். கேட்டால், “ஆஜர் குடுத்துட்டேன், கப்பல் இல்ல” என்பார். வேலை செய்யாதவருக்கு எப்படிச் சம்பளம் என்று பையனாக இருந்த எனக்குக் குழப்பம்.

விஷயம் இதுதான். கப்பல் எப்போது வரும் என்பது காற்று, கடல், அடுத்த துறைமுகம் எல்லாவற்றையும் பொறுத்தது. அந்தக் காலத்தில் காலையில் கேட் முன்னால் கூட்டம் கூடும். மேஸ்திரி கைநீட்டிக் கூப்பிட்டவனுக்கு வேலை, மற்றவன் வீட்டுக்கு. இதை ஒழுங்குபடுத்த 1948இல் சட்டம் வந்தது. அதன்படி 1950களில் துறைமுகங்களில் டாக் லேபர் போர்டு என்ற வாரியம் அமைத்து, தொழிலாளிகளைப் பதிவு செய்து, முறைவைத்து வேலை கொடுத்தார்கள். மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் கூலி என்று உறுதி. வந்து ஆஜர் கொடுத்தும் வேலை இல்லையென்றால் அதற்கும் ஒரு படி. சரக்கு இறக்கும் கம்பெனிகளிடம் வாங்கிய தீர்வையிலிருந்து அந்தப் பணம் வந்தது. கப்பல் தாமதமானால் அதன் பாரம் கூலிக்காரன் தலையில் மட்டும் விழக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் நியாயம்.

உடனே அதைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த கார்டு கிடைத்தவன் ராஜா, கிடைக்காதவன் அதே கேட் வாசலில்தான் நின்றான். நிலக்கரி, இரும்புத் தாதுத் தூசியை மூச்சில் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெரியவரே ஐம்பது வயதில் முதுகை நிமிர்த்த முடியாமல்தான் இருந்தார். அந்த வேலையில் பெண்களுக்கு இடமே இல்லை.

அப்புறம் பொட்டி வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, லாரிப் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன என்று யோசித்ததைச் செய்தும் காட்டினார். சென்னைக்குக் கண்டெய்னருக்கென்று தனி முனையம் 1983இல் வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிப் பொட்டியில் 25 டன் அரிசி போகிறது. 50 கிலோ மூட்டையாக 500 மூட்டை. முன்பு அது கொக்கியும் வலையும் வின்ச்சுமாக ஒரு கூட்டமே சேர்ந்து செய்த வேலை. இப்போது கிரேன் இரண்டு மூன்று நிமிடத்தில் தூக்கி வைத்துவிடும். நல்ல ஆபரேட்டர் கையில் மணிக்கு 25, 30 பொட்டி போகும்.

இங்கே எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அந்த 500 மூட்டையைத் தூக்கும் வேலை ஒழிந்துபோகவில்லை. கப்பலிலிருந்து கிளம்பி ரெட் ஹில்ஸ் அரிசி மில்லுக்கும், மாதவரம், மணலி ஷெட்களுக்கும் போய்விட்டது. பொட்டிக்குள் மூட்டை தானாக ஏறாது. மே மாதத்தில் அந்த இரும்புக் கூட்டுக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தெரியும். அங்கே இன்று தூக்குபவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளப் பையன்கள். டன் கணக்கில் கூலி, காண்ட்ராக்டர் கையில். லாரி வரும்வரை நிழலில் படுத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஆஜர் படி கிடையாது. பெரிய துறைமுகங்களுக்கு அந்த 1948 சட்டம் இனிப் பொருந்தாமல் செய்ய 1997இல் இன்னொரு சட்டம் வந்தது, வாரியம் துறைமுகத்தோடு கலந்தது. 2001இல் கண்டெய்னர் முனையம் 30 வருட ஒப்பந்தத்தில் பிஅண்டுஓ என்ற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனது. 2006இல் துபாய்க்காரர்கள் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட, நம்ம ஹார்பரின் ஒரு முனையமும் அதோடு சேர்ந்து கை மாறியது. ராயபுரத்தில் யாருக்கும் அன்று காலை எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

(காத்திருந்த பொட்டிகளைப் பற்றிப் பேசும்போது ஒன்று. 2015இல் கஸ்டம்ஸ் பிடித்து வைத்த அமோனியம் நைட்ரேட், 37 பொட்டிகள், சுமார் 700 டன், மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில் ஐந்து வருடம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் அதே வகைச் சரக்கு வெடித்த பிறகுதான் அவசரமாக ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு ஏற்றினார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்களுக்குத் தாங்கள் எதன் பக்கத்தில் தூங்கினோம் என்பது டிவி பார்த்துத்தான் தெரிந்தது.)

உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். பின்னி என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை, வெள்ளைக்காரர் போட்ட பணத்தில். அந்தத் தொழிலாளிகளை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. எல்லோரும் அதில் இருந்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே முதலில் எழுந்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணிதான் விடுகிறார்கள் என்பது. கூலி உயர்வு இருக்கட்டும், உட்கார்ந்து சாப்பிட இன்னும் பத்து நிமிடம் கொடு என்று கேட்டார்கள். கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு மேனேஜர் இருந்தார். 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பில் சாதி வாரியாகப் பிளந்து தீ வைத்துக்கொண்டதும் இதே கதையில்தான் வரும். அதையும் தாத்தாவிடம் கேளுங்கள், எல்லாரும் சொல்ல மாட்டார்கள்.

மில் 1996இல் மூடியது. ஆனால் வெளிநாட்டுத் துணி வந்து பின்னியைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். விசைத்தறி, பழைய இயந்திரம், நிர்வாகக் கோளாறு, கடைசியில் நிலத்தின் விலை எல்லாம் சேர்ந்து முடித்தது. 1991க்கு முன்பே அது இருமிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் தாத்தா சொல்வதில் பாதிதான் சரி.

உலகமயமாக்கல் என்னவோ 1991இல் விமானத்தில் வந்து இறங்கியது போலப் பேசுவதும் தப்பு. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே ஏற்றுமதியால் வந்த பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. அந்தத் துணி லண்டனில் அதிகமாகப் புழங்கியதும், அங்கத்து நெசவாளர்கள் கலகம் செய்து 1721இல் நம்ம அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே தடை போட வைத்தார்கள். மணலி ரிஃபைனரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அமெரிக்காவும் ஈரானும் ஒரே மேசையில் உட்கார்ந்தது நம்ம மணலியில்!

திருவொற்றியூர் என்ஃபீல்டு கதை இன்னும் ருசியானது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த புல்லட் பைக்கை 1955இல் இங்கே செய்ய ஆரம்பித்தார்கள், முதலில் ராணுவத்துக்காக. இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போனது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977இல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1994இல் ஐஷர் கம்பெனி கைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க விற்கிறது. எல்லாம் சரி, ஆனால் 2013இல் ஒரகடத்தில் புது ஆலை, அப்புறம் வல்லம் வடகாலில் இன்னொன்று. உற்பத்தியின் பெரும்பங்கு அங்கே போய்விட்டது. பிராண்டு வளர்ந்தது, ஊர் மாறியது. வட சென்னை இழந்த வேலையில் கணிசமான பங்கு சீனாவுக்குப் போகவில்லை, வண்டலூரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனது. அங்கே அரசின் சிப்காட் தொழிற்பேட்டை நிலம் அகலமாக, ஒரே துண்டாகக் கிடைத்தது. நெருக்கடி இல்லாத நெடுஞ்சாலை இருந்தது. சங்க வாசனை இல்லாத இருபது வயதுப் பையன்களை டிரெய்னி என்று எடுக்க முடிந்தது. நம்ம பக்கம் மிஞ்சியது துறைமுகமும், எண்ணெயும், அனல் மின் நிலையச் சாம்பலும். கார்களை அங்கே செய்து, இங்கே கொண்டுவந்து கப்பலில் ஏற்றுகிறார்கள். 2010 முதல் எண்ணூர் துறைமுகம் வழியாக நிசான் கார்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். நிலக்கரித் தூசி ஜார்ஜ் டவுனில் விழுகிறது என்று உயர் நீதிமன்றம் சொல்லி, 2011இல் அந்தச் சரக்கைச் சென்னை ஹார்பரிலிருந்து நிறுத்தினார்கள். அது எண்ணூருக்குப் போனது. பாரிமுனைக்கு மூச்சு வந்தது, எண்ணூர்க்காரர்களுக்கு இருமல் கூடியது.

சார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை பர்மா பஜாரில் பார்க்கலாம். 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களுக்காக 1969இல் உருவான கடை வரிசை அது. எங்கள் சின்ன வயதில் ஜப்பான் டேப் ரெக்கார்டர், வெளிநாட்டு சென்ட் வேண்டுமென்றால் அங்கேதான். எதற்கு அந்த மவுசு? சுங்க வரிதான். 1991இல் உச்ச வரியைக் குறைத்தபோதே அது 150 சதவீதத்தில்தான் நின்றது. அதற்கு முன்பு இன்னும் மேலே. 2007இல் பெரும்பாலான தொழில் பொருட்களுக்கு 10 சதவீதம் வரை இறங்கிவிட்டது. வரி இறங்க இறங்க பஜாரின் ரகசியம் போனது. எது அங்கே மட்டும் கிடைத்ததோ அது எல்லாத் தெருவிலும் கிடைத்தது. கடைக்காரர்களில் பலர் மொபைல் ரிப்பேருக்கு மாறினார்கள். பர்மா நூடுல்ஸான அத்தோ மட்டும் அப்படியே இருக்கிறது, நல்லவேளை.

வியாசர்பாடிப் பெண் ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் நிற்பதும், தண்டையார்பேட்டைப் பையன் ஓஎம்ஆரில் அமெரிக்க ஷிப்டில் கணக்கெழுதுவதும் இந்தத் திறப்பால் வந்தவைதான். பின்னி மில்லோ ஹார்பரோ அவர்களுக்கு அந்த வாசலைத் திறந்திருக்காது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடியதையும் பாருங்கள். எட்டு வருடம்.

தூரத்து முடிவு பக்கத்துத் தெருவைத் தொடும் விதத்துக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நல்ல உதாரணம். வலையில் கடல் ஆமை மாட்டாமல் வெளியேற வழி வைக்கும் கருவி இந்தியப் படகுகளில் இல்லை என்று சொல்லி, 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. பண்ணை இறால் தொடர்ந்து போனது. அப்புறம் 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி என்று வந்தபோது அதற்கும் அடி விழுந்தது. ஆமையைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான், ஒவ்வொரு ஜனவரியும் கரை ஒதுங்கும் ஆமைகளைப் பார்க்கிறவன் அதை எதிர்த்துப் பேச மாட்டான். ஆனால் வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட, காசிமேட்டில் இறால் கூடையின் விலை இறங்குகிறது. இறங்கிய விலையை முதலில் சுமப்பது ஐஸ் உடைப்பவரும் இறால் உரிக்கும் அம்மாக்களும்.

என் தொழிலிலும் அடி விழுந்தது. எங்கள் வேலையில் பாதி நடைதான். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசில் மாடி மாடியாக ஏறி, அதிகாரி டீ குடித்து முடிக்கும்வரை வராந்தாவில் நிற்பது. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகமில்லா மதிப்பீட்டை ஆரம்பித்தார்கள், முதலில் இயந்திரம், மின்சாதனங்களுக்கு. அக்டோபர் கடைசிக்குள் நாடு முழுக்க. சென்னைக்கு வந்த சரக்கின் ஃபைலை எந்த ஊரில் இருக்கும் அதிகாரியும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். லஞ்சத்துக்கு வழி குறைந்தது, நல்லதுதான். வராந்தாவில் நின்ற பையன்களுக்கு வேலையும் குறைந்தது. எங்கள் ஆபீசில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவர்.

இந்தக் காத்திருப்புக் கணக்கு புரிந்துவிட்டால் அதை எங்கும் பார்ப்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைக்கிறார். பீஸுக்கு இவ்வளவு. வெட்டிய துணிக் கட்டு வரவில்லையென்றால் அன்றைக்கு மெஷின் சும்மா, கரண்ட் பில் மட்டும் ஓடும். ராத்திரி ஒன்பதரைக்கு பிரியாணிக் கடை வாசலில் டெலிவரி கம்பெனி டீ ஷர்ட்டோடு நிற்கும் பையன்களைப் பாருங்கள். ஆர்டர் விழுந்தால்தான் காசு. 1948க்கு முன்னால் ஹார்பர் கேட்டில் மேஸ்திரி கைநீட்டியதை இப்போது போனில் ஒரு மணி ஓசை செய்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், அந்தக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்துக்குக் காசு என்பதை அதுவும் தொடவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நடை போனது, ஆனால் தலைக்கு வேலை கூடியிருக்கிறது. ஒரு சம்பவம் சொல்கிறேன். பாரிமுனை வியாபாரி ஒருவர் சீனாவிலிருந்து குளிக்கும் தொட்டியில் மிதக்கும் பிளாஸ்டிக் வாத்து வரவழைக்கப் பார்த்தார். அது பொம்மையா, வீட்டு உபயோகப் பிளாஸ்டிக்கா? பொம்மை என்றால் சுங்க வகை எண் 9503. அதற்கான வரியை 2020இல் 20லிருந்து 60 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள், 2021 ஜனவரி முதல் தர முத்திரையும் வேண்டும். வீட்டுச் சாமான் என்றால் 3924, வரி அதைவிட எவ்வளவோ குறைவு. வியாபாரி, “குளிக்கிற சாமான்தானே சார்?” என்றார். “அழுத்தினா கத்துதேண்ணே” என்றேன். பொம்மைதான் என்று எழுதிக் கொடுத்து, ஆர்டர் போடுவதற்கு முன்பே நிறுத்தச் சொன்னேன். அவர் அன்றைக்குக் கோபப்பட்டார். சரக்கு வந்து பிடிபட்டிருந்தால் டிடென்ஷன் கட்டியே கடையை மூடியிருப்பார்.

பொருளை எட்டு இலக்க எண்ணில் வகைப்படுத்துவது, எந்த நாட்டுச் சரக்கு என்று நிரூபிக்கும் விதிகள், சலுகை ஒப்பந்தங்கள். இவை தெரிந்த ஆள் எங்கள் தொழிலில் கிடைப்பதே அரிது. பி.காம். முடித்ததும் ஒரு லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கரிடம் சேர்ந்து ஹெச் கார்டு (புரோக்கரின் ஊழியருக்கான அட்டை) வாங்குங்கள். அப்புறம் பரீட்சை எழுதி அடுத்த படியான ஜி கார்டு. படிப்பில் நாட்டமில்லாத நண்பர்கள் இருந்தால் ரீச் ஸ்டாக்கர் (பொட்டியைத் தூக்கி அடுக்கும் வண்டி), யார்டு கிரேன் ஓட்டவோ, குளிர்பதனப் பொட்டிகளின் மெக்கானிக் வேலையோ பழகட்டும். இறாலும் மருந்தும் போகிறவரை அந்த ஆள் தேவைப்படுவார்.

எங்கே சேர்ந்தாலும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரைக் கையில் வாங்குங்கள், புதுச் சட்டப்படி அது எல்லாத் தொழிலாளிக்கும் கட்டாயம். காண்ட்ராக்டில் எடுத்தால் பிஎஃப் எண்ணைப் போனில் போட்டு மாதா மாதம் பணம் ஏறுகிறதா பாருங்கள். காண்ட்ராக்டர் கூலி தராமல் ஓடினால், யாருடைய இடத்தில் வேலை பார்த்தீர்களோ அந்தக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். 1970 சட்டத்தில் இருந்தது, புதுச் சட்டத்திலும் இருக்கிறது. ஷெட்டில் மூட்டை தூக்கும் பையன்களுக்கு இது தெரியாது, உங்களுக்கு இந்தி வந்தால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்டர்வியூவில் கடைசியாக, “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். கேளுங்கள்: “ராத்திரி பொட்டி வரும்னு உட்காரச் சொல்லி, அது விடியற்காலைதான் வருதுன்னா, அந்த நேரத்துக்கு என்ன சார் கணக்கு?” சிலர் முகம் சுளிப்பார்கள். ஓ.டி. விகிதத்தைச் சொல்கிற இடத்தில் சேருங்கள், முதல் சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும்.